பித்தளைத் தூக்கில் ஒரு புள்ளி

எதைக் கையில் எடுத்தாலும் அவர் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு கட்டை விரலால் ஏதாவது ஒரு இடத்தைத் தொட்டு, "இது இன்னாத்துக்கு?" என்பார். பதில் சொல்ல நமக்கு நேரம் கொடுக்க மாட்டார். நாம் சொல்லத் தெரியாமல் விழிக்கிற அந்த இரண்டு நொடியில் ஸ்குரூடிரைவர் உள்ளே போயிருக்கும்.

சின்னக்கடைத் தெருவில் அப்பா வைத்த பாத்திரக்கடையை அப்பாவுக்குப் பிறகு நான் பார்த்துக்கொண்டேன். வாங்குகிற பாத்திரத்தில் பேர் வெட்டித் தருவது என் வேலை. ஊரில் பாதிக் குடும்பங்களின் பேர் என் கையெழுத்தில்தான் அடுப்பங்கரையில் இருக்கும். எதையும் திருப்பிப் பார்க்கிற இந்த மனிதர் பேரை மட்டும் எதிலும் வெட்டியதில்லை. வெட்டட்டுமா என்று கேட்டால், "பேர் இல்லாட்டி இதுல சோறு வேகாதாம்மா?" என்பார். அதனால் இங்கேயும் அந்தப் பேரை விட்டுவிடுகிறேன்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் அவர் மெக்கானிக்காக இருந்தார். எங்கள் திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம் அந்தக் கொட்டகையைப் போட்டார் என்று ஞாபகம். இப்போது அந்த இடத்தில் ஒரு காபிக்கடை இருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். முதுகும் கையும் வைத்த நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மெத்தை, மெத்தையின் நாலு மூலையிலும் குஞ்சம். அவர் இருந்திருந்தால் குஞ்சத்தில் ஆரம்பித்திருப்பார்.

அவருடைய கொட்டகையில் உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான். அதுவும் முதலில் நாற்காலியாக இருந்தது. அதில்கூட அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடி டீ குடிப்பார், குடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவார், ஒரு காலில் நின்றால் இன்னொரு கால் ஆடிக்கொண்டிருக்கும். நம்மோடு பேசும்போது அவர் கண் நம் கைக்கடிகாரத்திலும் செருப்பு வாரிலும் ஓடும். எனக்கு அவரோடு பத்து நிமிஷம் பேசினாலே உடம்பு பரபரவென்று ஆகிவிடும். கடைக்குத் திரும்பியதும் அலமாரியில் எதையாவது இடம் மாற்றி வைத்தால்தான் அடங்கும்.

கொட்டகை மூலையில் ஒரு தார் டிரம் இருந்தது. கழட்டியது எல்லாம் அதில் போய் விழும். மட்கார்டு, பக்கக் கண்ணாடி, சைடு ஸ்டாண்டு, எந்த வண்டியுடையது என்று அவருக்கே தெரியாத போல்ட்டுகள். சும்மா சொல்லக் கூடாது, அவர் கழட்டிக் கொடுத்த வண்டிகள் ஓடின. வேறு இரண்டு கடையில் கைவிரித்த மொபெட்டில் இருந்து ஒரு கைப்பிடி அளவு சாமானை எடுத்துப் போட்டுவிட்டு, "இப்ப உதை" என்பார். முதல் உதையிலேயே கிளம்பிவிடும்.

ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அவர்மேல் ஒரு மயக்கம். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் எதையாவது விட்டுவிடலாம் என்றுதானே வருகிறார்கள். இங்கே ஒரு மனிதர் காலையில் இருந்து மாலை வரை அதையே செய்கிறார் என்றதும் கை கூப்பிவிட்டார்கள். ஒரு அம்மாள் அந்த டிரம்மை நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தாள்.

"இன்னாம்மா சொல்லுது அது?" என்று என்னிடம் கேட்டார்.

"நீங்க பெரிய ஞானியாம்ணே."

"ஞானமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நட்டு ஜாஸ்தி இருந்தா இடுக்குல அழுக்கு ஜாஸ்தி சேருது. அவ்ளோதாம்மா."

என்னுடைய பேர் வெட்டுகிற மிஷினும் அவர் கையில் சிக்கியது. பேனா மாதிரி கையில் பிடிப்பது அது. கரண்டு கொடுத்தால் நுனியில் ஊசி அதிரும். ஒரு ஆடி மாதம், கல்யாணச் சாமான் வாங்க ஆள் வராத நாளில், அது சிக்கிக்கொண்டு நின்றுவிட்டது. அவர் வந்து கடை வாசலில் செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். துடைத்தார். திருப்பி மாட்டினார். கடைசியில் தாளின்மேல் உளுந்து அளவில், நடுவில் ஓட்டையோடு ஒரு பித்தளை வாசர் மிஞ்சியிருந்தது.

அதைக் கட்டை விரலில் ஒட்டி எடுத்து, "இது இன்னாத்துக்கு?" என்றார்.

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? எங்க இருந்துதோ அங்கயே மாட்டுங்க."

"இது இல்லாமயே ஓடுது பாரு."

ஓடியது. முன்னைவிட நன்றாகவே ஓடியது. எழுத்து ஆழமாக விழுந்தது. வருகிறவர்கள் தடவிப் பார்த்துவிட்டு, "பேர் நல்லா பதிஞ்சிருக்குதுங்க" என்றார்கள். நான் அந்த வாசரை எடுத்து மேசை டிராயரில் சேஃப்டி பின்களோடு போட்டு வைத்தேன். எதையும் தூக்கி எறிய எனக்குக் கை வராது. எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த சண்டை எல்லாம் அதில்தான்.

எழுத்து வெட்டும்போது ஊசி நகர்ந்துகொண்டே இருக்கும். புள்ளி வைக்கும்போது மட்டும்தான் ஒரே இடத்தில் நிற்கும். மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு எடுப்பேன். அது என் கைவழக்கம்.

அவருக்கு மனைவி உண்டு. செல்வி என்று ஒரு பெண் உண்டு. அவளுக்குப் பதினோரு வயதாகும்போது ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். வாங்கிய அன்றைக்கே மணி போயிற்று, பின்னால் இருந்த கேரியர் போயிற்று, மட்கார்டு இரண்டும் போயிற்று. கடைசியாகச் செயினை மூடுகிற தகடு. அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, எங்க அப்பா சைக்கிள் எவ்ளோ லேசா பண்ணிக் குடுத்துருக்காரு பாருங்க" என்று என் கடை வாசலிலேயே இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

பத்து நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பாவாடை செயினில் மாட்டி முகம் குப்புற விழுந்தாள். தாடை கிழிந்து தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து அம்மாவும் பெண்ணும் வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் நின்று சைக்கிளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "பாவாடைதான் ஜாஸ்தி நீளம்."

அதற்கு மறுநாள் அவர் மனைவி என் கடைக்கு வந்து இரண்டு தட்டும் இரண்டு டம்ளரும் எடுத்து வைத்தாள். வேங்கிக்காலில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அதிகம் பேசாதவள். "அவரு கழட்டறதுக்கு முன்னாடி நாங்களே கழண்டுக்கினோம்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "பேர் வெட்டுங்க. பெருசாவே வெட்டுங்க" என்றாள்.

நான் கொட்டகைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். அவர் ஒரு கார்புரேட்டரைத் துடைத்தபடி, "வீட்டுல இப்ப இடம் நல்லா இருக்குது" என்றார். எனக்கு அப்படியே அந்தக் கார்புரேட்டரைப் பிடுங்கி டிரம்மில் போடலாம் போலிருந்தது. இரண்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. ஒரு நாள் அவர் வீட்டுப் பக்கம் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பாய், ஒரு பானை, ஒரு டம்ளர். அந்தப் பெண்ணின் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் செயினுக்கு மேல் தகடு இருந்தது. டிரம்மில் இருந்து தேடி எடுத்து மாட்டியிருக்கிறார். அதை ஓட்ட அங்கே ஆள் இல்லை. டிரம்மில் போட்டதை அவர் திருப்பி மாட்டமாட்டார் என்றுதான் நானே நினைத்திருந்தேன், சொன்னால் யார் நம்புவார்கள் என்று இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஏழு வருஷம் அப்படியே போயிற்று.

இதற்கு நடுவில் அவர் கொட்டகைக்கு ஒரு சிவப்புக் கார் வந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்த கார். இரண்டு பேர்தான் உட்காரலாம், துணிக் கூரையை மடித்துப் பின்னால் வைத்துவிடலாம். பார்த்தால் தரையோடு ஒட்டிக் கிடக்கும். அந்த வெளிநாட்டுக்காரர் தன் ஊருக்குத் திரும்பும்போது காரையும் அதன் காகிதங்களையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய் போட்டு நின்றது. எங்கள் ஊர்த் தெருவில் மெதுவாக ஓட்டினால் கொதிக்கும். அதனால் இவர் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

ஒரு தை மாதம் செல்வியின் தாய்மாமன் என் கடைக்கு வந்தார். செல்விக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. சீர்ப் பாத்திரங்களை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "பேர் செல்வின்னு மட்டும் போடுங்க" என்றார்.

"இனிஷியல்?"

"அது இன்னாத்துக்குங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தையை வேறொருவர் வாயில் கேட்டது அதுதான் முதல் தடவை. பெண்ணின் பேருக்கு முன்னால் அப்பாவின் ஒரு எழுத்து. அதைக்கூட எடுத்துவிட்டார்கள். நான் அத்தனை பாத்திரத்திலும் வெறும் செல்வி என்றே வெட்டினேன். பழக்கத்தில் ஒவ்வொரு பேருக்கும் முன்னால் ஒரு எழுத்துக்கு இடம் விட்டுவிட்டேன்.

அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதாக யாருக்கும் எண்ணம் இல்லை. மாப்பிள்ளைதான் கெடுத்தார், இல்லை, காப்பாற்றினார். அரசாங்க ஆபீஸில் கிளார்க், கார் என்றால் பைத்தியம். செங்கம் ரோட்டில் போகும்போது தார்ப்பாய்க்குக் கீழே சிவப்பாக ஒரு மூக்கு தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளை அழைப்புக்கு எனக்கு அந்தக் கார்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அது யார் கார் என்று அவருக்குத் தெரியாது. தாய்மாமன் பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போக வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலமே இவர் என் கடை வாசலில் வந்து நின்றார். இரண்டு காலும் மாறி மாறி ஆடின.

"கார நான் ஓட்டிக்கினு வரலாமாம்."

"சந்தோஷம்ணே."

"வேற எதையும் தொடக்கூடாதாம்."

"யாரு சொன்னது?"

"செல்வி அம்மாதான் சொல்லி அனுப்பியிருக்கா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சரின்னேன்." கொஞ்ச நேரம் எவர்சில்வர் குடத்தில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தார். "கார் கொதிக்கக் கூடாதும்மா. நடுத்தெருவுல அது புகை வுட்டுக்கினு நின்னுதுன்னா, அந்த வூட்டுல என்னைப் பத்தி இன்னா இன்னா சொன்னாங்களோ அத்தனையும் நெஜம்னு ஆயிடும்."

சிக்கல் என்னவென்றால், அது வேகமாக ஓடுவதற்கென்றே செய்த கார். ஓடினால் காற்று முகத்தில் அடித்து உள்ளே இருக்கிற தண்ணீர் குளிரும். மேளக்காரர் பின்னால் நடக்கிற வேகத்தில் போனால் காற்றே கிடையாது. பத்து நிமிஷத்தில் கொதித்துவிடும். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு மாதம் அவர் வேறு வண்டியைத் தொடவில்லை. காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எட்டிப் பார்த்தேன். இஞ்சின் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அத்தனை குழாய், அத்தனை ஒயர், இரண்டு மூன்று பிளாஸ்டிக் புட்டி.

"இந்த ரெண்டு குழாய் இன்னாத்துக்குன்னு சொல்லு."

"சொல்லுங்க."

"ஹீட்டரு. உள்ள உக்காந்துக்கினு இருக்கறவனுக்குக் குளிராம இருக்கறதுக்கு."

"திருவண்ணாமலையிலயா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அதை மட்டும் கழட்டுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்றேன். ஹீட்டர் போயிற்று. அதன் குழாய்களும் அவற்றைப் பிடித்திருந்த தகடுகளும் போயின. கண்ணாடி கழுவுகிற புட்டி போயிற்று. ஒவ்வொரு தடவை நான் போகும்போதும் இஞ்சினைச் சுற்றி இன்னும் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. காற்று புகுந்து வெளியே போக வழி வேண்டும், அதுதான் வேலையே என்றார்.

கடைசியில் ஒரே ஒரு பிளாஸ்டிக் தொட்டி மிஞ்சியது. அது வேண்டும். சூடாகும்போது பொங்குகிற தண்ணீர் அதில் ஏறி நிற்கும், ஆறினதும் உள்ளே இறங்கும். ஆனால் அது விரிசல் விட்டிருந்தது, அளவும் போதாது, வேறு கிடைக்காது. அவர் அட்டையில் ஒரு அளவு வெட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து அட்டையில் நிறுத்திப் பார்த்தார். எவர்சில்வரில் ஈயம் ஒட்டாதாம், பித்தளைதான் வேண்டுமாம். சோறு கொண்டுபோகிற பித்தளைத் தூக்கு ஒன்று சரியாக உட்கார்ந்தது.

"கைப்பிடி வேணாம். இந்த மூடி வேணாம். அடி வளையம் வேணாம்."

"அப்ப உங்களுக்குத் தூக்கே வேணாம்ணே. உள்ள இருக்கற காத்த மட்டும் கட்டித் தரேன், எடுத்துக்கினு போங்க."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாயை அடைத்து, அழுத்தம் தாங்குகிற மூடி ஒன்றைப் பொருத்தி, பக்கத்தில் இரண்டு குழாய் வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். இரண்டே போல்ட்டில் காரில் நிற்கும்படி செய்தார். முடிந்ததும், சூடு காட்டுகிற முள்ளைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், வா என்றார். நான் போய் அந்தக் காரில் உட்கார்ந்தேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மலையைச் சுற்றுகிற பாதையில் போனோம். பௌர்ணமி இல்லை, அதனால் பாதை காலியாக இருந்தது. மத்தியான வெயில். அடி அண்ணாமலை கிட்டே ஒரு ஆட்டுமந்தை போய்க்கொண்டிருந்தது. அவர் அதன் பின்னால் காரை ஒட்டி வைத்து, ஆடு நடந்தால் நடந்து, நின்றால் நின்று வந்தார். ஆடு மேய்க்கிறவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "இவ்ளோ எடம் வுட்டுருக்கேன், தாண்டித்தான் போயேன்யா" என்று கத்தினார்.

"நீ போப்பா. ஒம்பின்னாலதான் நான் வரணும்."

முள் பாதிக்கு மேல் ஏறினால் சொல்லச் சொல்லியிருந்தார். நான் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் வந்து நின்றது. ஆடுகள் வயலில் இறங்கிப் போகிற வரைக்கும் அங்கேயே நின்றது. அவர் காரை ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தார்.

"கொதிக்கலம்மா" என்றார்.

இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி மலையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கால்கூட ஆடவில்லை. அந்த மனிதர் சும்மா உட்கார்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்தத் தூக்கைக் காரில் இருந்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பளபளவென்று புளி போட்டுத் தேய்த்திருந்தார். மேசைமேல் வைத்து, "பேர் ஒண்ணு வெட்டணும்" என்றார்.

காரின் முன்மூடிக்கு அடியில் இருக்கப் போகிற பாத்திரம். யாரும் பார்க்கப் போவதில்லை. ஒன்றுக்கும் உதவாத வேலை. அவரைக் கிண்டல் செய்ய இதைவிட நல்ல நேரம் வராது. ஆனால் எனக்கு மனசு வரவில்லை. சீர்ப் பாத்திரங்கள் மூட்டையாகக் கட்டி மூலையில் இருந்தன, மறுநாள்தான் வேங்கிக்காலுக்குப் போகும். அதில் அவர் கொடுத்தது ஒரு டம்ளர்கூட இல்லை.

"இனிஷியல் போடட்டுமாண்ணே?"

அவர் மூட்டையின் ஓரத்தில் தெரிந்த ஒரு அண்டாவைக் குனிந்து பார்த்தார். பேருக்கு முன்னால் நான் விட்ட இடத்தைக் கட்டை விரலால் தடவினார்.

"வேணாம். மத்ததுல போட்ட மாதிரியே போடு."

மிஷினை எடுத்தேன். என் மனது சரியில்லை. இந்த ஒன்றாவது நன்றாகப் பதியட்டும் என்று கையை அழுத்திப் பிடித்தேன். செ. ல. அதன் தலையில் புள்ளி. வழக்கமாக மூன்றுதான் எண்ணுவேன். அன்று ஐந்து எண்ணினேன்.

மாப்பிள்ளை அழைப்பு சாயங்காலம். வேங்கிக்கால் பிள்ளையார் கோவிலில் இருந்து மண்டபம் வரைக்கும் ஊர்வலம். முன்னால் நாதஸ்வரமும் தவிலும், பின்னால் பூ ஜோடித்த சிவப்புக் கார். மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாக மடித்த கூரைமேல் ஏறி உட்கார்ந்து, காலைச் சீட்டில் வைத்திருந்தார். இவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஸ்டியரிங்கைப் பிடித்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்தது. நான் பெண்களோடு பக்கத்தில் நடந்தேன்.

பாதித் தூரம் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. மேளக்காரர்கள் ஒரு முனையில் நின்று நிதானமாக வாசிக்க ஆரம்பித்தபோதுதான் முன்மூடி இடுக்கில் இருந்து ஆவி வந்தது. முதலில் ஊதுவத்திப் புகை என்று நினைத்தேன். பிறகு சூடான தண்ணீர் தார் ரோட்டில் விழுகிற வாசனை வந்தது.

அவர் இஞ்சினை அணைத்து இறங்கி மூடியைத் தூக்கினார். நாதஸ்வரம் நின்றது. நான் ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமான இடத்தில் ஒளிய எதற்கும் இடம் இல்லை. பித்தளைத் தூக்கு, அதில் செல்வி, 'ல்' எழுத்தின் தலையில் இருந்த புள்ளியில் இருந்து நூல் மாதிரி தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வேறு எங்கும் ஒரு சொட்டு இல்லை.

"அப்பவே சொன்னேன் நான்" என்று தாய்மாமன் வந்துவிட்டார். "இந்த ஆளு கைய வெச்சா எது உருப்பட்டுது? எதையும் தொடாதன்னு சொல்லித்தானே கூட்டிக்கினு வந்தோம்?"

மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான்தான், என் புள்ளிதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அவர் தோளில் இருந்த துண்டை நனைத்து, தூக்கின் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி அழுத்தத்தை விட்டார். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். பிறகு முன்மூடியையே நாலு போல்ட்டில் கழட்டி, பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கையில் கொடுத்தார். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. துண்டை நாலாக மடித்துப் புள்ளியின்மேல் வைத்து, அதன்மேல் கட்டை விரலை அழுத்தினார்.

"நான் இப்பிடியே புடிச்சிக்கினு வரேன். ஓட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்."

தாய்மாமன் வேறு பக்கம் பார்த்தார். மாப்பிள்ளை கூரையில் இருந்து சறுக்கி இறங்கி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். "நான் ஓட்டறேன் மாமா" என்றார். தன் மாமனார் யார் என்று எப்போது தெரிந்துகொண்டாரோ, எனக்குத் தெரியாது.

"மாப்ள, நீங்க போயி..." என்றார் தாய்மாமன்.

"மெதுவாத்தானே போவணும்."

மாப்பிள்ளையே ஓட்டி வந்த மாப்பிள்ளை அழைப்பை எங்கள் ஊரில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சனங்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது, விசிலடித்தார்கள். மேளக்காரருக்கும் உற்சாகம் வந்து ஒவ்வொரு முனையிலும் நின்று வாசித்தார். "சீக்கிரம் போங்களேன்" என்று நான் அவரிடம் கெஞ்சினேன். இவர் காரோடு பக்கவாட்டில் அடி எடுத்து வைத்து, குனிந்தபடி, விரலை எடுக்காமல் நடந்து வந்தார். துண்டில் இருந்து ஆவி வந்தது. நான் செம்பில் தண்ணீர் மொண்டு மொண்டு துண்டின்மேல் ஊற்றினேன். கையை மாற்றுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். தலையை ஆட்டினாரே தவிர மாற்றவில்லை.

மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளையை உள்ளே அழைத்துப் போனார்கள். கூட்டமும் மேளமும் உள்ளே போயின. கார் நின்றுவிட்டது. இவர் குனிந்தபடியே நின்றார். அவர் மனைவி ஆரத்தித் தட்டோடு கார் பக்கத்தில் வந்தாள். திறந்து கிடந்த இஞ்சினைப் பார்த்தாள். தூக்கைப் பார்த்தாள். அதில் இருந்த பேரைப் படித்தாள். அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தாள்.

"போதும். கைய எடுங்க."

"எடுத்தா ஒழுவும்" என்றார்.

"வண்டி நின்னுடுச்சி. எடுங்க."

அவர் அசையவில்லை. அவள் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கினாள். கட்டை விரல் வெளுத்து, முழுசாகக் கொப்புளம் கட்டியிருந்தது. அவள் மணிக்கட்டை விடாமலே உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கடைசிப் பந்தியில் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். மறுநாள் முகூர்த்தத்தில் கட்டுப் போட்ட கையோடு பின்வரிசையில் நின்றார். தாலி கட்டி முடித்ததும் செல்வி கூட்டத்தில் தேடி, அவரைப் பார்த்ததும் தாடைத் தழும்பு தெரியச் சிரித்தாள்.

நாலாம் நாள் அவர் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

"என் தப்புண்ணே. புள்ளியில மூணு எண்ணறதுக்குப் பதிலா அஞ்சு எண்ணிட்டேன். பேர ராவி எடுத்துடறேன், குடுங்க."

"பேர் இருக்கட்டும்" என்றார். "மிஷினக் குடு."

இடது கையால் தட்டுத் தடுமாறி மிஷினைப் பிரித்தார். ஊசியின் கழுத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இங்க ஒரு வாசர் இருந்துதே."

"இருந்துது. நீங்கதான் கழட்டினீங்க."

அவர் சாலையில் போகிற பஸ்ஸைப் பார்த்தார். "தூக்கிப் போட்டுட்டியா?" என்றார்.

டிராயரை இழுத்து, சேஃப்டி பின்களுக்கு நடுவில் துழாவி எடுத்தேன். அவர் விரலில் அது நிற்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நானே ஊசியின் கழுத்தில் கோத்து, திருகினேன். அவ்வளவு நாள் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தக் குரல் வந்துவிட்டிருந்தது. கட்டை விரலால் வாசரைத் தொட்டுக் காட்டி, "இது இன்னாத்துக்குண்ணே?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"அளவுக்கு மேல போவாம புடிக்கறதுக்கும்மா" என்றார்.